பன்னிரண்டு படத்தில் ஒரு பீடி

காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி வேலூருக்கு பஸ் ஏறினால் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும். சின்ன வயதிலிருந்து எத்தனை தடவை தாண்டியிருப்பேன் என்று கணக்கில்லை. ஆற்றில் தண்ணீரைப் பார்த்த தடவைகளை மட்டும் விரல்விட்டு எண்ணிவிடலாம். சென்னையில் ஓவியம் படிக்கச் சேர்ந்த பிறகு சனிக்கிழமை சாயங்காலப் பயணம் பழகிவிட்டது. இரண்டாம் வருடத்தில் அப்படி ஒரு சனிக்கிழமை, ஜன்னலோர சீட். பஸ் ஊர்ந்தபோது பாலத்துக் கைப்பிடித் தூண்கள் ஒவ்வொன்றாக வந்து கண்ணை மறைத்தன. டிரைவர் வேகம் பிடித்ததும் தூண்கள் புகை மாதிரி கரைந்துவிட்டன. அந்தப் பக்கம் மணலில் கிரிக்கெட் ஆடிய பையன்கள் முழுசாகத் தெரிந்தார்கள். பந்து போட ஓடி வந்தவன் மட்டும் பழைய ஊமைப்படத்து ஆள் மாதிரி துடித்துத் துடித்து ஓடினான்.

அந்த வாரம்தான் வகுப்பில் ‘அசைவு’ என்று தலைப்பு கொடுத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் கூடாது, செல்போன் ஆப் கூடாது. கையால் வரைந்தது, கையால் சுற்றி ஓட வேண்டும். எட்டு வாரம் டைம். நானோ குடம், தூண், தூங்குகிற தாத்தா என்று அசையாததையே வரைந்து பழகியவள்.

பாலத்தில் நான் பார்த்ததற்கு ஒரு முன்கதை உண்டு என்று நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோது தெரிந்தது. லண்டனில் ரோஜெட் என்கிற டாக்டர் 1824-இல் ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை கொடுத்தார். செங்குத்தான இடுக்குகள் வழியாக உருளும் சக்கரத்தைப் பார்த்தால் ஆரக்கால்கள் வளைந்து, ஓடாமல் நிற்பது போலத் தெரிகிறதே, ஏன் என்பது அவர் கேள்வி. பிற்பாடு தெசாரஸ் என்கிற ஒருபொருட்சொல் அகராதியைத் தொகுத்த அதே ரோஜெட்தான். அவரைத் தொடர்ந்து பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் ஐரோப்பாவில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலும் பொம்மைகள் வந்தன. சரி, அந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

முதலில் தாமட்ரோப். ஒரு வட்ட அட்டை, இரண்டு பக்கமும் இரண்டு படம், ஓரங்களில் நூல். நூலை முறுக்கி இழுத்தால் அட்டை சுழன்று இரண்டு படமும் ஒன்றாகத் தெரியும். ஜான் அயர்டன் பாரிஸ் என்ற லண்டன் டாக்டர் 1825 வாக்கில் இதைப் பிரபலமாக்கினார். (இந்தத் துறையில் அன்றைக்கு டாக்டர்கள் தொல்லை அதிகம்.) புத்தகங்களில் எல்லாம் ஒரு பக்கம் பறவை, மறுபக்கம் கூண்டு. எனக்குப் பறவை வரையப் பிடிக்கவில்லை. வேலூர்க்காரிக்கு வேறு ஒன்று கையிலேயே இருக்கிறது. எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். பெண்களைப் பற்றியும் அதில் ஒரு வரி வரும். அதை நான் வரையவில்லை, இங்கே சொல்லப்போவதும் இல்லை.

இல்லாததை இருப்பதாகக் காட்டுவதுதானே அந்த அட்டையின் வேலை? முன்பக்கம் வெறும் மணல், பின்பக்கம் தண்ணீர். முன்பக்கம் கோட்டைச் சுவர், பின்பக்கம் ராஜா. முன்பக்கம் ஜலகண்டேஸ்வரர் கருவறை, பின்பக்கம் லிங்கம். இந்த மூன்றில் கோயில் அட்டை ஏற்கெனவே பழைய கதையாகிவிட்டது. 1981-இல் லிங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், இன்றைக்குக் கூட்டம் கூட்டமாகக் கும்பிடுகிறார்கள். ஆறும் 2021 நவம்பரில் கரைபுரண்டது. பாலத்தில் நின்று ஊரே வேடிக்கை பார்த்தது. ராஜா மட்டும்தான் பாக்கி.

கல்யாணப் பத்திரிகை அட்டைதான் இதற்கு லாயக்கு. விறைப்பாக இருக்கும், காசும் கிடையாது. நான் இரண்டு தப்பு செய்தேன். பின்பக்கப் படத்தை நேராக வரைந்தது முதல் தப்பு. நூல் இடமும் வலமும் இருப்பதால் அட்டை மேலும் கீழுமாகப் புரளும். பின்பக்கத்தைத் தலைகீழாக வரைய வேண்டும், இல்லாவிட்டால் ராஜா சிரசாசனம் செய்வார். இரண்டாவது தப்பில்தான் நேரம் போனது. ஆற்று மணலைப் பென்சிலில் இரண்டு மணி நேரம் பொறுமையாக ஷேட் செய்திருந்தேன். சுற்றினால் ஒன்றுமே தெரியவில்லை, வெளிறிய மூடுபனி. ஒரு பக்கத்து வெள்ளை மறுபக்கத்துக் கருப்போடு கலந்து பாதியாகிவிடுகிறது. மெல்லிய சாயல் எல்லாம் அதில் செத்துவிடும். இந்தியன் இங்க் எடுத்துத் தடிக் கோடாகப் போட்டேன், வந்தது. இடம் பொருந்த, நாலு இடத்தில் குண்டூசியால் அட்டையைக் குத்திக்கொண்டால் போதும், பின்பக்கத்துக்கும் அதே புள்ளிகள் கிடைத்துவிடும்.

அடுத்தது ஃபெனாகிஸ்டிஸ்கோப். பேர்தான் பெரிசு, பொருள் ஒரு வட்டத் தட்டு. ஓரத்தில் 12 இடுக்கு, உள்ளே 12 படம். தட்டைக் கண்ணாடி முன்னால் பிடித்துச் சுழற்றி, பின்பக்கமிருந்து இடுக்கு வழியாகக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். 1832 கடைசியில் பெல்ஜியத்தில் ஜோசப் பிளாட்டோவும், அவரைத் தெரியாமலேயே ஆஸ்திரியாவில் ஸ்டாம்ப்ஃபரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இதைச் செய்தார்கள். பிளாட்டோ பத்துப் பன்னிரண்டு வருடத்தில் பார்வை இழந்துவிட்டார். தான் கண்டுபிடித்த வேடிக்கையையே பார்க்க முடியாமல் அதற்கப்புறம் நாற்பது வருடம் வாழ்ந்திருக்கிறார். பீரோ கண்ணாடி முன்னால் தட்டைச் சுற்றும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.

இடுக்கை முதலில் 6 மில்லிமீட்டர் வெட்டினேன். படம் ஈரச்சுவரில் சாயம் இறங்கின மாதிரி வழிந்தது. 2 மில்லிமீட்டருக்குக் குறைத்தேன். கோடு கூர்மையானது, ஆனால் இருட்டு. 24 சென்டிமீட்டர் தட்டுக்கு 3 மில்லிமீட்டர் சரியாக வந்தது. பின்பக்கம் கருப்பாகத்தான் இருக்க வேண்டும், வெள்ளையாக விட்டால் அதன் பளபளப்பே கண்ணை நிரப்பிவிடும். அப்புறம், ராத்திரியில் பல்பு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு எல்லாம் தப்பாகிவிட்டது என்று அழாதீர்கள். மலிவான எல்.இ.டி. பல்பு கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரிகிறது. இடுக்கு திறக்கிற நொடித்துளியும் பல்பு மங்குகிற நொடித்துளியும் ஒன்றாக விழுந்தால் அந்தப் படம் மட்டும் செத்துத் தெரியும். நான் தட்டையே குறை சொல்லி இரண்டாவது தடவை வெட்டிவிட்டேன். மறுநாள் மொட்டை மாடியில் வெயிலில் பார்த்தால் பழைய தட்டும் நன்றாகத்தான் ஓடியது.

மூன்றாவது வாரம் ஒரு பெரிய ஐடியா தோன்றியது. கோட்டைக் கோயிலின் கல்யாண மண்டபத்தில் தூண் தூணாகக் குதிரைகள் முன்னங்காலைத் தூக்கி நிற்கும், யாளிகள் நிற்கும். ஒவ்வொரு குதிரையும் மற்றதிலிருந்து கொஞ்சம் மாறியிருக்கும். அவற்றை வரிசையாக வரைந்து, விரலால் தாள்களைச் சரசரவென்று ஓட்டிப் பார்க்கிற ஃபிளிப் புக் ஆக்கினால் கல் குதிரை துள்ளுமே! மூன்று ஞாயிற்றுக்கிழமை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வரைந்தேன். கோயிலுக்கு வந்த பாட்டிமார் எல்லாம் எட்டிப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். வீட்டில் அடுக்கிக் கட்டைவிரலால் ஓட்டினேன். குதிரை துள்ளவில்லை, கொதித்தது. கழுத்து நீண்டு சுருங்கியது, கடிவாளம் வந்து வந்து மறைந்தது. சிற்பிகள் வேறுவேறு குதிரைகளைச் செதுக்கியிருக்கிறார்கள், நானோ ஒரே குதிரையின் வேறுவேறு கணங்கள் என்று நம்பியிருக்கிறேன்.

ஒரே குதிரையின் வேறுவேறு கணம் வேண்டுமென்றால் மைப்ரிட்ஜ் என்ற போட்டோக்காரர் 1878-இல் கலிபோர்னியாவில் செய்த மாதிரி 12 கேமராவை வரிசையாக வைக்க வேண்டும். ஓடும் குதிரையின் நாலு காலும் ஒரு கணம் தரையை விட்டு எழும் என்று அதில்தான் தெரிந்தது. அதுவும் ஓவியர்கள் காலம்காலமாக வரைந்த மாதிரி கால்களை நீட்டியபடி இல்லை, வயிற்றுக்கடியில் மடக்கியபடி. மூன்று ஞாயிறு போனது போனதுதான். தூண் ஓவியங்களைத் தனி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அந்தத் தோல்வியில் ஒரு சாமான் மிஞ்சியது. தாள்களின் இடம் நகராமல் இருக்க அனிமேஷன் ஸ்டூடியோக்களில் பெக் பார் என்று, தாளின் ஓட்டைகளை மாட்டுகிற முளை வைத்த பட்டை வைத்திருப்பார்கள். அதற்குப் பதில் ஆபீஸ் பஞ்சிங் மெஷின் போதும். பெரும்பாலான மெஷின்கள் 80 மில்லிமீட்டர் இடைவெளியில்தான் இரண்டு ஓட்டை போடும். ஒரு பிளைவுட் துண்டில் அதே இடைவெளியில் இரண்டு போல்டை நிறுத்தி, தாளை அதில் மாட்டி வரையலாம். முதலில் ஓட்டை, அப்புறம் வரைதல். வரைந்துவிட்டு ஓட்டை போட்டால் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் ஆடும். பிரான்சில் எமில் ரெய்னோ 1888-லேயே தன் படச்சுருளுக்கு ஓட்டை போட்டுக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். 1892-இல் பாரிஸில் கையால் வரைந்த படங்களைத் திரையில் காட்டினார். சினிமா வந்து அவர் தொழில் படுத்ததும், பெரும்பாலான சுருள்களைத் தானே கொண்டுபோய் சேன் ஆற்றில் வீசிவிட்டார். பாவம்.

ஃபிளிப் புக் செய்கிறவர்களுக்கு இன்னொன்று: தினசரிக் காலண்டரில் முயற்சி செய்யாதீர்கள். முன்னூற்றுச் சொச்சம் தாள் சும்மா கிடைக்கிறதே என்று நானும் நினைத்தேன். தாள் மெலிசு, விரலில் ஒட்டிக்கொண்டு நாலைந்தாகச் சேர்ந்து விழும். ராகு காலம் வேறு பின்பக்கமிருந்து தெரிகிறது.

இப்போது அத்தை கதைக்கு வருகிறேன். இனி ஸோயட்ரோப் மட்டும்தான் பாக்கி. ஆங்கிலேயர் ஹார்னர் 1834-இல் விவரித்தது. கண்ணாடி வேண்டாம். ஓரமெல்லாம் இடுக்கு வெட்டின டிரம், உட்சுவரில் படப்பட்டை. நாலு பேர் சுற்றி நின்று ஒரே நேரத்தில் பார்க்கலாம். எதை வரைவது என்பதுதான் குழப்பம். மயில், கூத்து என்று மண்டையை உடைத்துக்கொண்டு குடியாத்தத்தில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தை முறத்தை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தபடி பீடி சுற்றிக்கொண்டிருந்தார். கண் சீரியலில், கை இலையில். இதைவிட நல்ல அசைவு எங்கே கிடைக்கும்?

"அத்த, மெதுவா சுத்து."

"மெதுவா சுத்துனா வராது. இன்னாத்துக்கு உனக்கு?"

நிஜமாகவே வரவில்லை. எனக்காக மெதுவாகச் செய்தபோது தூள் சிந்தியது, இலை கோணியது. வேகமாகச் செய்தால்தான் கைக்கு வழி தெரிகிறது. கடைசியில் வரைய வேண்டிய தாளைக் கீழே வைத்துவிட்டு நான் வெறுமனே பார்த்தேன், ஒரு மணி நேரம். கிளம்பும்போது ஒரு வீடியோவும் எடுத்துக்கொண்டேன்.

என் டிரம் 28 சென்டிமீட்டர் விட்டம். சுற்றளவு 88, பன்னிரண்டால் வகுத்தால் ஒரு படத்துக்கு 7.33. நாலு படம் ஒரு ஏ4 தாளின் நீளத்தில் அச்சாகப் பொருந்தும், மூன்று தாளில் முழுப் பட்டை. அடியில் பிளைவுட் வட்டம், சுற்றிலும் கருப்பு சார்ட். மேல்பாதியில் இடுக்குகள், கீழ்பாதியில் பட்டை. சுழற்ற ஃபேன் ரிப்பேர் கடையில் கழித்துப் போட்ட பேரிங் ஒன்று வாங்கினேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினதும் ஜம்மென்று சுற்றியது. ஒரு விநாடிக்கு ஒரு சுற்று என்றால் கண்ணுக்கு விநாடிக்கு 12 படம். இன்றைக்கும் கையால் வரைகிற அனிமேஷனில் பல இடத்தில் இதே கணக்குதான், 24 ஃபிரேமுக்கு 12 படம் வரைந்து ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வைப்பார்கள்.

முதல் பட்டை: இலை இரண்டு படம், தூள் இரண்டு, சுருட்டல் நாலு, மடிப்பு இரண்டு, நூல் இரண்டு. கணக்காகப் பங்கு போட்டிருந்தேன். ஓடியது. ஆனால் மாவு மில்லில் ஏதோ பாகம் சுற்றுவது மாதிரி ஓடியது, அத்தை கை மாதிரி இல்லை. வீடியோவைத் துண்டு துண்டாக நிறுத்திப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. சுருட்டல் கண் இமைக்கிற நேரத்தில் முடிந்துவிடுகிறது. நான் நாலு படம் கொடுத்த இடத்துக்கு அத்தை கொடுப்பது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. சுருட்டினதும் கட்டைவிரல் ஒரு கணம் அப்படியே நிற்கிறது. நான் அதை வரையவே இல்லை, அசையாத இடத்தை எதற்கு வரைய வேண்டும் என்று விட்டிருக்கிறேன். போன் போட்டுக் கேட்டேன்.

"அங்க அமுக்கலன்னா இல பிரிஞ்சிகினு வந்துடும். அதான் நிக்கிறேன். அதக்கூடவா பாத்த?"

இரண்டாவது பட்டையில் சுருட்டலுக்கு இரண்டே படம். கட்டைவிரல் அழுத்தத்துக்கு ஒரே படத்தை அடுத்தடுத்து மூன்று கட்டத்தில் போட்டேன். விரல் நுனி வெளுப்பது மட்டும் மாறும். மீதி ஏழு கட்டத்தில் மற்ற வேலை. சுற்றியதும் கை உயிர் பெற்றுவிட்டது. வரைந்தது முன்னைவிடக் குறைவு, பார்க்கிறவர்கள் கண்ணில் சுருட்டல் முழுசாக நடக்கிறது. கண்ணில் பிம்பம் தங்குவதால்தான் இது நடக்கிறது என்று இன்னும் பல இடத்தில் எழுதுகிறார்கள். அது மட்டும் போதாது. இரண்டு நிலைகளுக்கு நடுவில் இல்லாத நகர்வை மூளையே போட்டுக்கொள்கிறது என்று 1912-இல் வெர்தைமர் என்ற உளவியலாளர் சோதனை செய்து காட்டினார். எனக்கு அதை விளக்கியது பேரிங்கும் அத்தை கட்டைவிரலும்.

இன்னொரு தலைவலி, ஸோயட்ரோப்பில் முடிவு கிடையாது. பன்னிரண்டாவது படத்துக்குப் பிறகு ஒன்றாவது. கட்டி முடித்த பீடி பொசுக்கென்று வெறும் இலையாகிவிடுகிறது. அதை மறைக்க ஒரு இடம் வேண்டும். வலது கை முடிந்த பீடியை முறத்தில் போடும்போது புறங்கை இடதுகையை ஒரு கணம் மறைக்கிறது. அந்த மறைவில் புது இலையை வைத்துவிட்டேன். சுற்றிச் சுற்றி வரும் எதை வரைந்தாலும் ஒட்டுப்போட ஒரு மறைவு தேடுங்கள், முதல் படம் வரைவதற்கு முன்னாலேயே.

மையில் போட்டு முடித்துப் பட்டையை நகல் எடுக்க ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மூலப்படம் கிழிந்துவிடக்கூடாதே என்று. கொண்டுவந்து டிரம்மில் மாட்டினால் கடைசியில் இரண்டரை சென்டிமீட்டர் காலி. மெஷின் தாளின் ஓரம் வெட்டுப்படக்கூடாது என்று தானாகவே 97 சதவீதத்துக்குச் சுருக்கியிருக்கிறது. 88 இருந்தது 85 சொச்சம் ஆகிவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் கை துள்ளியது. கடைக்காரரிடம் சொன்னால், "கரெக்டாத்தான்மா வந்திருக்கு, எல்லாம் தெரியுதே" என்றார். அவர் பார்வையில் சரிதான். நூறு சதவீதம் என்று வாய்விட்டுச் சொல்லி, பக்கத்தில் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுக் காசு கொடுங்கள். ஓரம் கொஞ்சம் வெட்டுப்பட்டால் பரவாயில்லை.

ஒரு பட்டையில் தப்பாக 13 படம் வரைந்துவிட்டேன். 12 இடுக்கு, 13 படம். கைகள் எல்லாம் பட்டை போகிற திசையிலேயே மெல்ல நகர்ந்துகொண்டே பீடி சுற்றின. 11 வைத்தால் எதிர்த்திசையில் நகரும். தப்பை அப்படியே வைத்துக்கொண்டு, வரிசையாகப் பெண்கள் நடந்துபோகிற மாதிரி தனியாக ஒன்று செய்தேன். மார்க் அதற்குத்தான் அதிகம் வந்தது, பீடிக்கு இல்லை. என்ன செய்வது.

செமஸ்டர் முடிந்து டிரம்மை அட்டைப்பெட்டியில் கட்டி, ரயிலில் மடியில் வைத்துக் குடியாத்தத்துக்குக் கொண்டுபோனேன். வாசல் வெயிலில் வைத்துச் சுற்றினேன். அத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் நிமிர்ந்து கேட்டார்.

"கை என்னுதுதான். ஆனா நான் எப்போடி இவ்ளோ ஒல்லியானேன்?"

எட்டு வாரம் உற்றுப் பார்த்த எனக்கும், மார்க் போட்டவர்களுக்கும் தெரியாதது அத்தைக்கு உடனே தெரிந்துவிட்டது. ஸோயட்ரோப்பில் நம் பக்கத்து இடுக்கு ஒரு திசையில் ஓடும், எதிர்ப்பக்கத்துப் படம் மறு திசையில் ஓடும். இரண்டும் எதிரெதிராகப் போவதால் படம் பக்கவாட்டில் ஒடுங்கிவிடும். டிரம்மின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரத்தில் கண்ணை வைத்தால் அகலம் மூன்றில் இரண்டு பங்காகத் தெரியும். முன்கூட்டியே ஒன்றரை மடங்கு அகலமாக வரைய வேண்டும், உயரத்தைத் தொடாமல். தாளில் பார்த்தால் விரல் ஒவ்வொன்றும் வாழைக்காய் மாதிரி இருக்கும். டிரம்மில் சரியாகிவிடும். அடுத்த லீவில் புதுப் பட்டை போட்டுத் தருவதாகச் சொன்னேன்.

அதற்குள் பக்கத்து வீட்டுப் பையன்கள் கூடிவிட்டார்கள். ஒருவன் டிரம்மைப் பிடித்து மறுபக்கமாகச் சுழற்றினான். முறத்திலிருந்து பீடி எழும்பிக் கைக்கு வந்தது, நூல் அவிழ்ந்தது, கட்டைவிரல் அழுத்தி நின்றுவிட்டு விட்டது, இலை விரிந்தது, தூள் குவியலுக்குத் திரும்பிப் போனது. பையன்கள் கூச்சல் போட்டு மறுபடி மறுபடி சுற்றினார்கள்.

"டேய் டேய், நிறுத்துடா," என்றார் அத்தை. "ஆயிரம் சுத்துனது அத்தனையும் பிரிஞ்சிகினு போவுது."